வீடு நாம் சொல்வதைக் கேட்குமா? அரிப்பு முதல் வட்டப்புளுவ வரை ஒரு பழைய கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒன்பதாம் தரத்தில் வரலாற்றுப் பாடம் முடிந்து, மணி அடிக்க ஐந்து நிமிடம் மீதி இருந்தது. ஒரு மாணவன், கட்டாரில் இருக்கும் தன் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பற்றிச் சொன்னான். ஆள் உள்ளே வந்தால் விளக்குத் தானாக எரிகிறது. வெயில் ஏறினால் திரைச்சீலை தானாக மூடுகிறது. "ஏசியைக் குறை" என்று வாயால் சொன்னால் குறைகிறது. "சேர், எங்கட வீடு எப்ப நாம சொல்றதக் கேக்கும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பின் வாங்கில் இருந்த ஒரு மாணவி, "கூரை ஒழுகுதெண்டு நாங்க சொன்னத வீடு தந்த ஆக்களே கேக்கல்ல, வீடு எப்பிடிக் கேக்கும்?" என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. குடியிருக்கும் மனிதரின் சொல்லுக்கு, நடைக்கு, வழக்கத்துக்கு ஏற்றபடி வீடு அமைய வேண்டும் என்று வீடு வரைகிறவர்கள் எப்போது நினைக்கத் தொடங்கினார்கள்? தேடி வாசித்தோம். ஸ்மார்ட் வீடு வருவதற்குப் பல பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண்ணம் பிறந்திருக்கிறது. அதில் நம் நாட்டுக்கென்று ஒரு நல்ல அத்தியாயமும் இருக்கிறது. ஆனால் கதையை நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டையை நம் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுற்றுலா போனால் அங்கே நின்று படம் எடுக்காமல் யாரும் வருவதில்லை. அல்லிராணிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. அது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும் நாட்களில் தங்குவதற்காகக் கட்டினார். திட்டமும் அவருடையதே. தூண்கள் பழைய கிரேக்கக் கோயில் பாணியில் அமைந்தவை. அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'டொரிக்' என்று பெயர். மேல்மாடியில் நின்றால் முத்துச் சிலாபம் நடக்கும் கடல் முழுவதும் தெரியும். அந்த வீட்டின் வேலையே பார்ப்பதுதான். கீழே மணலில், ஒவ்வொரு பருவத்துக்கும் கம்பும் கிடுகும் கொண்டு ஒரு முழுப் பட்டினம் எழும்பும். முத்துக்குளிப்போர், சம்மாட்டிமார், வியாபாரிகள், சுறாவுக்கு மந்திரம் ஓதுகிறவர்கள் என்று கீழக்கரை, காயல்பட்டினம் தொடக்கம் அரபுக் கரை வரை இருந்து பல்லாயிரம் பேர் வந்து இறங்குவார்கள். பருவம் முடிந்ததும் பட்டினம் பிரிந்து போகும். மாளிகை மட்டும் நின்றது. இப்போது கடல் மண்மேட்டை அரிக்க அரிக்க அதுவும் துண்டு துண்டாக விழுகிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், மேலே இருப்பவர் தன் மனதில் உள்ள வடிவத்தை வரைந்து கொண்டுவந்து நம் மணலில் நட்டு வைப்பது அன்று தொடங்கிய பழக்கம். அது நோர்த்தோடு போய்விடவில்லை.

நம் ஊர்களில் வீட்டை வரைந்தவர் என்று ஒருவர் இருந்ததில்லை. மேசனும் ஓடாவியும் இருந்தார்கள். வீட்டு உம்மாமார் இருந்தார்கள். எங்கள் உம்மம்மாவின் வீட்டை நினைத்துப் பார்க்கிறோம். தெருப் பக்கம் ஒரு விறாந்தை. ஆண்கள் வந்தால் அங்கேதான் இருப்பு. அதற்கு உள்ளே ஒரு நடை. நேராகப் பார்வை போகாதபடி கதவுகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். பின்னால் குசினி, அதற்கும் பின்னால் கிணற்றடி. பக்கத்து வளவுக்கு வேலியில் ஒரு சிறு பொட்டு. பெண்கள் தெருவுக்கு இறங்காமலே நாலைந்து வீடு போய் வந்துவிடுவார்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் வந்து சோற்றுச் சட்டியில் விழாதபடி அந்தப் பக்கம் வேலி உயரமாக இருக்கும். வாடைக்காற்றுக்கு மறுபக்கம் ஓலை கட்டுவார்கள்.

இன்னொன்று. நம்மவரிடையே வீடு மகளுக்குப் போகும் சொத்து. மருமகன் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒரு மகள் குமராகும்போது வீடும் வளரத் தொடங்கும். ஓர் அறை கூடும், அல்லது வளவில் அத்திவாரம் ஒன்று விழும். குடும்பம் பெருகப் பெருக வீடு நீண்டது. மனிதருக்குப் பதில் சொல்லும் வீடு என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுதுகிறார்களே, அதை எங்கள் உம்மம்மா கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவ வாழ்ந்தது அப்படி ஒரு வீட்டில்தான்.

1990 ஒக்டோபர் இறுதியில் அந்த வீடுகளை விட்டுப் போனோம். போகவைக்கப்பட்டோம். தீவில் இருந்த நம்மவர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். அந்தக் கதையை இங்கே மறுபடி எழுதவில்லை. முகாமில் தரப்பட்ட குடிசையைப் பற்றி மட்டும் சொல்கிறோம். வரிசை வரிசையாகக் கிடுகுக் குடிசைகள். எல்லாக் கதவும் ஒரே ஒழுங்கையைப் பார்த்தன. எங்கள் உம்மா முதல் கிழமையே பின்பக்கக் கிடுகில் ஒன்றைக் கழற்றி, ஒரு சாக்கைத் தொங்கவிட்டா. பக்கத்துக் குடிசைக்காரரும் அப்படியே செய்தார்கள். ஒரு மாதத்துக்குள் முகாமின் பின்புறத்தில் பெண்களுக்கென்று ஒரு பாதை உண்டாகிவிட்டது. யாரும் திட்டம் போடவில்லை. பிறகு ஆய்வுக்கு வந்த ஒருவர் முகாமின் படத்தை வரைந்தபோது முன் ஒழுங்கைகளை மட்டும்தான் கோடு போட்டார் என்று உம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பா.

இனி கண்டிக்குப் போவோம்.

மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சுதந்திரத்துக்கு முன் சுகாதார அமைச்சராக இருந்த அரசியல்வாதி. தாய் அக்னஸ் பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னவர்களில் ஒருவர். 1931இல் இந்நாட்டுப் பெண்கள் வாக்களித்ததில் அந்தத் தாயின் பங்கும் உண்டு. மகள் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்றபோது இலங்கையில் அதற்கு இடமில்லை. பம்பாய்க்குப் போனார். காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டு, மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டனில் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் அங்கத்தவரானார். ஆசியப் பெண்களில் அவரே முதலாமவர்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் கட்டிய முதல் வீடு கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்கானது. 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. தும்பறையில் பாய் பின்னுகிறவர்களின் வேலையைக் கதவுப் பலகைகளுக்குள் வைத்தார். ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரில் படம் வரைந்தார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் புதிது, கைவேலை பழையது. ஒரு பெண் கட்டுகிறாள் என்பதற்காக மேசன்மாரும் ஒப்பந்தக்காரரும் காட்டிய முகத்தைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. நம் ஊரில் ஒரு பெண் ஆசிரியை அதிபராக வந்தால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நமக்கு வேண்டிய கதை அடுத்தது. 1950களின் நடுவில் கண்டி நகருக்குப் பக்கத்தில், மகாவலி ஆற்றை அண்டிய வட்டப்புளுவயில் அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட ஒரு திட்டம் மினெட்டின் கைக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் என்று எல்லோரும் குடியேறப் போகும் இடம். சம்பளமும் ஒரே அளவல்ல. வழக்கம் என்ன? ஒரு நல்ல மாதிரி வரைந்து 250 தரம் கட்டுவது. மினெட் அப்படிச் செய்யவில்லை. வரப்போகும் குடும்பங்களுக்கு முதலில் கேள்விப் படிவம் அனுப்பினார். உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி, வீட்டில் உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டார். ஆட்களை நேரிலும் சந்தித்தார். வந்த பதில்களிலிருந்து சில அடிப்படை வீட்டு மாதிரிகளை உருவாக்கி, குடும்பத்துக்கும் காசுக்கும் நிலத்தின் சரிவுக்கும் ஏற்றபடி அவை மாறக்கூடியதாக வைத்தார். நின்ற மரங்களை முடிந்தவரை வெட்டாமல் பாதைகளை வளைத்தார்.

திட்டம் நிறைவேறியது 1958இல். அந்த ஆண்டு இந்நாட்டில் வேறு என்ன நடந்தது என்று உயர்தர மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இனக்கலவரம் பற்றி எரிந்த அதே ஆண்டில், நாலைந்து சமூகத்தார் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கப் போகும் இடத்தை, ஒவ்வொருவரிடமும் 'நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்' என்று கேட்டு ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். நம் பாடப் புத்தகத்தில் 1958க்கு ஒரு பந்தி இருக்கிறது. வட்டப்புளுவவுக்கு ஒரு வரி கூட இல்லை.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். படிவம் நிரப்பியவர்கள் எழுத வாசிக்கத் தெரிந்த, மாதச் சம்பளம் எடுக்கும் உத்தியோகத்தர்கள். மீன்பிடிக்கிறவரிடமோ கூலிவேலை செய்கிறவரிடமோ அந்தப் படிவம் போகவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில், உலகத்தின் பெரிய கட்டடக் கலைஞர்கள் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகளை நகரம் நகரமாக நட்டுக்கொண்டிருந்த காலத்தில், கண்டியில் ஒரு பெண் இதைச் செய்தார் என்பது சின்ன விஷயமல்ல. பிற்காலத்தில் அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஜெப்ரி பாவாவின் பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பாவா பெரிய கலைஞர், அதில் பேச்சில்லை. அவருடைய தந்தை வழியில் முஸ்லிம் பரம்பரை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் பாவாவின் நல்ல வீடுகள் பெரும்பாலும் வசதியுள்ள, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆட்களுக்கானவை. மினெட் 1998 நவம்பரில், 80ஆவது வயதில், கண்டியில் கவனிப்பாரின்றி இறந்தார்.

நல்ல மனமும் நல்ல கலையும் இருந்தால் போதாதா, கேட்கத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு எகிப்தைப் பார்க்க வேண்டும். ஹஸன் பத்ஹி என்ற கட்டடக் கலைஞரை அரபு உலகம் இன்றும் மதிக்கிறது. லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய மன்னர் காலத்துக் கல்லறைகளின் மேலேயே குர்னா என்ற கிராமம் இருந்தது. கல்லறைப் பொருட்கள் திருட்டுப் போகின்றன என்று சொல்லி அந்த மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசாங்கம் முடிவெடுத்தது. 1940களின் நடுவில் புதிய குர்னாவைக் கட்டும் வேலை பத்ஹிக்குக் கிடைத்தது. ஏழைகள் மேல் அவருக்கு இருந்த அன்பில் குறை சொல்ல முடியாது. சீமெந்தும் இரும்பும் வேண்டாம், அந்த மண்ணிலேயே சுட்ட வெயிலில் காய்ந்த கல்லால், குவிமாடக் கூரையோடு, முற்றம் வைத்துக் கட்டினார். பள்ளிவாசல், சந்தை, பாடசாலை எல்லாம் அழகு. குர்னா மக்களில் பெரும்பாலோர் அங்கே போகவே இல்லை. அவர்களின் பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. தவிர, குவிமாடம் அவர்களுக்குக் கப்றுகளை நினைவூட்டியது. கப்றின் கூரைக்குக் கீழே யார் படுப்பார்கள்? இடம்பெயர்வதே விருப்பமில்லாத ஆட்களுக்கு எவ்வளவு அழகான வீடு கட்டினாலும் அது அவர்களுடைய வீடாகாது. பத்ஹி இதைப் பற்றிப் பிறகு ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1960களில் இதே கேள்வியை இயந்திரங்களிடம் கொண்டுபோனார்கள். லண்டனில் செட்ரிக் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஜோன் லிட்டில்வூட் என்ற நாடக இயக்குநரும், வருகிற மக்களின் விருப்பப்படி சுவரும் தளமும் படியும் பாரந்தூக்கியால் இடம் மாறும் ஒரு பெரிய மண்டபத்தைக் கற்பனை செய்தார்கள். அது கட்டப்படவே இல்லை. ஆனால் பின்னால் வந்த பலருக்கு அதுதான் பாடம். அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நிக்கலஸ் நெக்ரபொண்டி என்பவர், கணினியே மனிதரோடு சேர்ந்து வீடு வரைய வேண்டும் என்று ஆராய்ந்தார். 1970இல் நியூயோர்க்கில் அவருடைய குழு வைத்த ஒரு காட்சியைப் பற்றி வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கட்டைகள். கட்டைகளுக்கிடையில் பாலைவன எலிகள். எலிகள் ஓடித் திரிந்து கட்டைகளைத் தள்ளும். கணினி இயக்கும் ஓர் இரும்புக் கை அதைக் கவனித்து, எலிகள் விரும்புவது இதுதான் என்று ஊகித்துக் கட்டைகளை அடுக்கும். விளைவு பெருங்குழப்பம்.

இந்த எலிக் கதைதான் இன்றைய ஸ்மார்ட் வீட்டுக்கு ஒரு வகையில் மூதாதை. கட்டார் மாமாவின் வீட்டில் உள்ள கருவியும் ஆளைக் கவனித்து ஊகிக்கிறது. அதில் தவறில்லை. வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் கவனிப்பது வேறு, கேட்பது வேறு. அந்தக் கை எலிகளிடம் எதையும் கேட்கவில்லை.

அதே காலத்தில் ஜோன் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் பெரு நாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தார். நகர ஓரங்களில் ஏழைகள் தாங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்ட குடியிருப்புகளைப் பார்த்து, அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் வீட்டை விட அவை அந்தக் குடும்பங்களுக்கு நன்றாகப் பொருந்துகின்றன என்று கண்டார். வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் குடியிருப்பவரிடம் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். 1976இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இந்தச் சிந்தனையை ஒரு நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கை முக்கியமானது. 1978இல் பிரதமர் ஆர். பிரேமதாச தொடங்கிய நூறாயிரம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கமே பெரும்பாலும் முன்னின்றது. செலவு தாங்கவில்லை. 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது முறை மாறியது. தேசிய வீடமைப்பு அதிகார சபை சிறு கடனும் ஆலோசனையும் கொடுக்கும். எப்படிக் கட்டுவது, எதைத் திருத்துவது, எந்த மேசனைப் பிடிப்பது எல்லாம் குடும்பத்தின் முடிவு. உலகத்தின் பல பாகங்களிலிருந்து இதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் பிரேமதாச முன்வைத்த யோசனையால்தான். அரசியல் இலாபம் இருந்தது, விமர்சனமும் இருந்தது. ஆனால் தெற்கில் மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே முடிவு செய்து கட்டத் தொடங்கிய அதே ஆண்டுகளில் வடக்கில் போர் மூண்டுவிட்டது. ஆறு ஆண்டுகளில் நாம் கற்பிட்டி மணலில் இருந்தோம்.

சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கிரிந்தவில் நடந்ததையும் நம்மவர் அறிந்திருக்கவேண்டும். அது முஸ்லிம் மீனவர் கிராமம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அங்கே வீடுகள் வரைந்து 2007இல் வேலை முடிந்தது. அழுத்தி வார்த்த மண்கல்லும் றப்பர் மரமும் பயன்படுத்தினார். கல்லை விட முக்கியமானது உள்ளமைப்பு. கூடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு திறந்த முற்றம் வைத்தார். சமைக்கவும், ஆட்கள் கூடவும், வலை பொத்தவும் அந்த இடம். ஆண் விருந்தாளி வந்தால் கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் திரையை இழுக்கலாம், மடிப்புக் கதவை மூடலாம். பெண்கள் தங்கள் வேலையை நிறுத்தாமல் மறுபக்கம் இருக்கலாம். இதை வாசித்தபோது உம்மம்மாவின் நடையும், உம்மா தொங்கவிட்ட சாக்கும்தான் ஞாபகம் வந்தன. ஷிகெரு பான் 2014இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றவர். அவ்வளவு பெரிய ஆள் ஒரு மீனவர் வீட்டில் திரை எங்கே வரவேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

2009க்குப் பிறகு நாமும் திரும்பி வந்தோம். முசலியில் நம் வளவுகளில் காடு நின்றது. தீவில் சுவர் இருந்த இடத்தில் கூரை இல்லை. 2012இலிருந்து இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் நடந்த பெரிய வீட்டுத் திட்டத்தில் மன்னாரும் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டக் கட்டத் தவணையாக. சாமான் வாங்குவதும் மேசனைப் பிடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. காசு போதவில்லை என்று கடன்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கும் உரிமை ஓரளவு இருந்தது.

2016 அளவில் வேறொரு யோசனை வந்தது. 65,000 உருக்கு வீடுகள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும். ஒரு வீட்டின் விலை இருபது இலட்சத்துக்கு மேல். சூரிய மின்சாரம், தளபாடம், தொலைக்காட்சி, வைஃபை என்றெல்லாம் பேசப்பட்டது. பொறியியலாளர்களும் வடக்கு மக்களும் அத்திவாரம், கூரை, வெக்கை, சமையல் புகை பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். அதே காசில் இரண்டு கல்வீட்டுக்கு மேல் கட்டலாம், நம் மேசன்மாருக்கும் வேலை கிடைக்கும் என்றார்கள். கடல் காற்றில் இரண்டு வருடத்தில் தகரம் கறள் பிடிப்பதைப் பார்த்த நாம் வேறு என்ன சொல்வோம்? கடைசியில் அது கைவிடப்பட்டது. வைஃபை கொடுக்க யோசித்தவர்கள் அடுப்பை எங்கே வைப்பீர்கள் என்று கேட்க யோசிக்கவில்லை.

எங்கள் சொந்த வீடு வேறொரு திட்டத்தில் வந்தது. பெயர் வேண்டாம். படத்தில் மலசலகூடத்தின் இருக்கை நேரே கிப்லாவைப் பார்த்தது. முன் கதவைத் திறந்தால் தெருவில் போகிறவருக்குக் குசினி வரை தெரியும். மேசனிடம் சொன்னோம். "பிளான மாத்தினா கடைசிக் காசு வராது, சேர்" என்றார் அவர், பாவம். கட்டி முடித்து, கடைசித் தவணையும் வந்து, பெயர்ப் பலகையின் முன் நின்று படமும் எடுத்த பிறகு, அதே மேசனைக் கூப்பிட்டு மலசலகூடத்தை உடைத்துத் திருப்பினோம். அந்தச் செலவுக்கு ராத்தாவின் காப்பு ஒன்று போனது. முன் கதவுக்கு இன்னும் திரைதான்.

அந்த மாணவியின் பேச்சுக்குப் பிறகு, மினெட் செய்ததைச் சின்ன அளவில் நம் பிள்ளைகளும் செய்து பார்க்கட்டும் என்று ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தோம். வீடு கிடைத்ததும் முதலில் எதை மாற்றினீர்கள்? எதை மாற்ற முடியவில்லை? சோளகத்துக்கு எந்த ஜன்னலை மூடுகிறீர்கள்? பழைய வீட்டில் இருந்து இந்த வீட்டில் இல்லாதது எது? கட்டுமுன் உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா, கேட்டிருந்தால் வீட்டில் யாரிடம் கேட்டார்கள்? இவ்வளவுதான்.

தாள்கள் வரத் தொடங்கிவிட்டன. அதிகம் பேர் எழுதியது குசினியைப் பற்றி. வீட்டுக்குள் கட்டித் தந்த குசினியில் சாமான் அடுக்கிவிட்டு, வெளியே ஓலைக் கொட்டில் போட்டுத்தான் சமைக்கிறார்கள். மலசலகூடத்தைத் திருப்பியவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. கடைசிக் கேள்விக்கு 'கேட்டார்கள், வாப்பாவிடம்' என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 'உம்மாவிடம்' என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: உம்மம்மாவிடம் இந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது, அவ ஈர்க்குச்சியை எடுத்து முற்றத்து மணலில் 1990க்கு முந்திய தன் வீட்டை வரைந்து காட்டினாவாம். பின்னேரக் காற்றில் அழிவதற்குள் பிள்ளை அதைக் கொப்பியில் பார்த்து வரைந்து கொண்டு வந்தது. விறாந்தை, நடை, குசினி, கிணறு, வேலிப் பொட்டு எல்லாம் அதில் இருக்கின்றன.

உங்கள் பிள்ளை இந்தத் தாளைக் கொண்டு வந்திருந்தால், தயவுசெய்து வீட்டில் உள்ள மூத்த பெண்களிடம் கேட்டு நிரப்பி, வியாழக்கிழமைக்கு முன் கொடுத்தனுப்புங்கள். நம் பாடசாலையில் பிள்ளை இல்லாதவர்களும் கீழே கொமென்ட்டில் எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோவையாக்கிப் பாடசாலை நூலகத்தில் வைக்கப் போகிறோம். பிரதி ஒன்றை, அடுத்த வீட்டுத் திட்டம் பற்றிக் கூட்டம் வைக்கும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பழைய வீடுகளின் படம் யாரிடமாவது இருந்தால், மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.